முற்றத்துக் கோழியும் முட்டைப் பானையும்

கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும் நம்மவர் தாதரிலும் குர்லாவிலும் இரயிலை விட்டு இறங்கும்போது கூர்ந்து நோக்குவோர் ஒன்றைக் காண்பர். அரிசி மூட்டையும், மிளகாய் வற்றலும், பனங்கருப்பட்டிச் சிப்பமும் சுமை தூக்குவோர் தலைக்குப் போய்விடும். ஒரேயொரு பொருளை மட்டும் வீட்டுப் பெண்மணி தம் மடியினின்றும் இறக்கமாட்டார். வாய்க்குத் துணி கட்டிய சிறு பானையாகவோ, பழைய தகர டப்பாவாகவோ அஃது இருக்கும். உள்ளே உமியைப் பரப்பி, ஒன்றோடொன்று முட்டாதவாறு அடுக்கிய நாட்டுக்கோழி முட்டைகள். ஊரில் இருக்கும் ஆச்சி ஒவ்வொரு நாளாகச் சேர்த்து வைத்துப் பேரப்பிள்ளைகளுக்கென்று கொடுத்தனுப்பியவை.

இவ்வாறு வருவன ஒரு பக்கம் இருக்க, மும்பையிலேயே கோழி வளர்ப்போரும் நம்மிடையே உளர். தாராவியின் சந்துகளில் வாசற்படிக்கு அருகே மரப்பெட்டி ஒன்றில் இரண்டு கோழி அடைந்திருக்கும். செம்பூர்ப் பக்கத்தில் பின்புறம் சற்று இடமுள்ள பழைய வீடுகளில் நான்கைந்து மேயும். மாதுங்காவில் முட்டை நுழையாத இல்லங்கள் பல என்பதை நாம் அறிவோம். அவ்வில்லத்தார் இப்பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம், நமக்கு வருத்தமில்லை.

முட்டையைப் பேணுவதில் என்ன பெரிய கலை இருக்கிறது என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் கலைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். ஓர் ஆண்டு மே மாதக் கடைசியில் நம் இல்லத்துக்கு ஊரிலிருந்து 30 முட்டைகள் வந்தன. நாற்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட இரயில் பயணத்தில் ஒன்றுகூட உடையவில்லை. ஓட்டின் மேல் ஒட்டியிருந்த உமியும் எச்சமும் கண்ணுக்கு உறுத்தவே, குழாயடியில் வைத்து எல்லாவற்றையும் பளபளவென்று கழுவி, ஈரத்தோடு கூடையில் அடுக்கிச் சமையலறை அலமாரியில் வைத்தோம். ஐந்தாம் நாள் வீட்டில் ஒரு வாடை எழுந்தது. எட்டாம் நாள் பாதிக்கு மேல் எடுத்துக் குப்பையில் கொட்ட நேர்ந்தது. ஊருக்குத் தொலைபேசியில் இச்செய்தியைச் சொன்னபோது ஆச்சி கேட்ட முதற்கேள்வி, “ஏளா, முட்டையத் தண்ணியில முக்குனியா?” என்பதே. தண்ணீரில் முக்கலாகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்பது பின்னர் நாம் படித்து அறிந்தது.

முட்டை ஓடு பார்வைக்குக் கற்போல் தோன்றினாலும் அது வலைபோன்றது. ஒரு கோழி முட்டையின் ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. குஞ்சு உள்ளே வளருமாயின் அது மூச்சுவிடுவதற்காக இயற்கை அமைத்த வழிகள் அவை. வழி திறந்திருந்தால் காற்று மட்டுமா நுழையும்? நுண்ணுயிரும் நுழையும். ஆகவே முட்டை வெளிவருமுன் கடைசியாகக் கோழியின் உடல் அதன்மேல் ஒரு மெல்லிய படலத்தைப் பூசி அனுப்புகிறது. இட்டவுடன் முட்டை ஈரமாக இருப்பதும், சில நொடிகளில் உலர்ந்துவிடுவதும் கோழி வளர்ப்போர் யாவரும் கண்டதே. உலர்ந்த அப்படலமே துளைகளை அடைத்துக் காக்கும் முத்திரை. நாம் குழாயடியில் தேய்த்துக் கழுவியது அம்முத்திரையைத்தான்.

தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தால் தீங்கு இரட்டிப்பாகும். முட்டை சூடாகவும் நீர் குளிராகவும் இருக்கும்போது உள்ளிருக்கும் பொருள் சுருங்குகிறது. சுருங்கும்போது வெளியிலுள்ள அழுக்கு நீரைத் துளைகளின் வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே கழுவியே தீரவேண்டுமென்றால், முட்டையைவிடச் சற்று அதிகச் சூடுள்ள நீரில், ஊறவிடாமல், சமைக்கப்போகும் நேரத்தில் கழுவுவதே முறை. மற்றபடி ஒட்டியிருக்கும் எச்சத்தை உலர்ந்த சொரசொரப்பான துணியால் துடைத்தாலே போதும். மிகவும் அழுக்கான முட்டையைச் சேமிப்பில் சேர்க்காமல் அன்றைக்கே நன்கு வேகவைத்து உண்டுவிடலாம். கூட்டில் நாள்தோறும் புதிய வைக்கோலோ மரத்தூளோ இடுவோருக்கு இத்தொல்லை பெரும்பாலும் நேர்வதில்லை.

இதில் உலக நாடுகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது வியப்பு. அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் முட்டைகளை வெந்நீரில் கழுவி, அன்று முதல் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ முதல்தர முட்டையைக் கழுவலாகாது என்பது பொதுவிதி. அங்கே கடைகளில் அவை குளிர்ப்பெட்டிக்கு வெளியிலேயே அடுக்கப்பட்டிருக்கும். இருவரும் தத்தம் வழியில் சரியே. கழுவினால் குளிரில் வைக்கவேண்டும். வெளியில் வைப்பதாயின் கழுவலாகாது. ஒன்றிலிருந்து பாதியையும் மற்றொன்றிலிருந்து பாதியையும் எடுத்துக்கொண்டதே நாம் செய்த பிழை.

இனி, சேவலைப் பற்றி ஒரு வார்த்தை. சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடாது என்று நம்புவோர் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. சேவல் இன்றியும் கோழி முட்டையிடும். அம்முட்டையில் குஞ்சு பொரிக்காது, அவ்வளவே. சேமிப்பை மட்டும் நோக்கினால் அதுவே நன்மை. கருவுள்ள முட்டை ஏறக்குறைய 21 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் மெல்ல வளரத் தொடங்கிவிடுகிறது. அடைக்கோழியின் வயிற்றடியில் 37 டிகிரிக்கு மேல் சீரான சூடு கிடைப்பதால் 21 நாளில் குஞ்சாகிறது. மும்பையின் மே மாதத்துச் சமையலறையில் 32, 33 டிகிரி இருக்கும். வளர்வதற்குப் போதாது, வளராமலிருப்பதற்கும் போதாது. அரைகுறையாக வளர்ந்த கரு இறந்து அழுகுகிறது. கூழ்முட்டை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இவ்வாறு விளைவதே. ஊரில் சேவலோடு திரியும் கோழியின் முட்டை இங்கு வந்து விரைவில் கெடுவதற்கும், சேவலில்லாத தாராவி மரப்பெட்டிக் கோழியின் முட்டை தாங்கி நிற்பதற்கும் இதுவே காரணம். சேவலைப் பிரித்த பின்னரும் இரண்டு மூன்று வாரம் வரை கருவுள்ள முட்டை வரக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்க. அதிகாலையில் கூவும் சேவலால் அண்டை வீட்டாரோடு வழக்குத் தோன்றாமலிருப்பது தனி ஆதாயம்.

கருவுள்ளதா என்று பார்க்க, அந்நாளில் மெழுகுவர்த்தியும் அட்டைக் குழாயும் வேண்டியிருந்தன. இன்று எல்லார் கையிலும் இருக்கும் கைப்பேசியின் விளக்கே போதும். இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையை விளக்கின் மேல் வைத்தால் உள்ளே தெரியும். சிவந்த நூல்போலவோ வளையம்போலவோ தென்பட்டால் கரு வளர்ந்திருக்கிறது. தெளிவாக ஒளி பரவினால் நல்லது. அகன்ற முனையில் காணும் வெற்றிடம் காற்றறை. முட்டை பழகப் பழக உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, அவ்வறை பெரிதாகும்.

தண்ணீரில் இட்டுப் பார்க்கும் பாட்டிமார் சோதனையும் இக்காற்றறையைப் பற்றியதே. புதிய முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். சில நாள் ஆனது ஒரு முனையைத் தூக்கும். மேலும் பழகியது நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். ஆனால் இச்சோதனை வயதைத்தான் சொல்லுமேயன்றி நோயைச் சொல்லாது என்பதை மறந்துவிடலாகாது. சால்மோனெல்லா என்னும் கிருமி உள்ளிருந்தாலும் முட்டை நன்றாக மூழ்கும், நாற்றமும் இராது. எனவே எந்த முட்டையையும் நேரே குழம்பிலோ மாவிலோ உடைத்து ஊற்றாமல், தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேர்ப்பது நல்ல பழக்கம். ஒன்பது நல்ல முட்டையைப் பத்தாவது கெடுத்துவிடும் துன்பத்தை நாம் பட்டிருக்கிறோம்.

எங்கே வைப்பது? குளிர்ப்பெட்டி உள்ள வீடுகளில் விடை எளிது. கழுவாத முட்டையை, கூரிய முனை கீழாகவும் அகன்ற முனை மேலாகவும், மூடிய அட்டைப் பெட்டியிலோ டப்பாவிலோ உள்தட்டில் வைக்கலாம். கதவில் குழிகள் அமைத்துத் தந்திருக்கிறார்களே என்றால், திறந்து மூடுந்தோறும் வெப்பம் மாறும் இடம் அதுவே. மூடி வைப்பதற்குக் காரணம் வேறு: முட்டை துளைகளின் வழியே வாடையையும் இழுக்கும். கருவாட்டுக்கும் பெருங்காயத்துக்கும் பக்கத்தில் ஒரு வாரம் இருந்த முட்டையில் செய்த கேக்கை ஒருமுறை உண்டவர்கள் இதை மறக்கமாட்டார்கள். இம்முறையில் நான்கைந்து வாரம் வரை கவலையில்லை. ஆனால் குளிரிலிருந்து எடுத்து வெளியில் வைத்தால் ஓட்டின்மேல் நீர் பூக்கும். அவ்வாறு வேர்த்த முட்டையை மீண்டும் உள்ளே வைக்காமல் சமைத்துவிடவேண்டும்.

குளிர்ப்பெட்டி இல்லாத ஒற்றையறை வீடுகளில்தான் சிக்கல். ஊரில் பெரிய பானையில் ஈரமணல் நிரப்பி, அதனுள் சிறு பானையைப் புதைத்து முட்டை வைப்பார்கள். மணலின் ஈரம் ஆவியாகும்போது உட்பானை குளிரும். நெல்லைச் சீமையின் வறண்ட காற்றில் அது நன்றாகவே பயன்தரும். கடற்காற்றுப் படிந்த மும்பையில் ஈரம் எளிதில் ஆவியாகாது. ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை இறங்கிய பிறகோ சிறிதும் பயனில்லை. பானைக்குள் பூஞ்சணம் பூக்கும். ஊர்ப்பழக்கம் எல்லாம் இங்கும் செல்லும் என்று கொள்ளலாகாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. இங்கே நாம் கண்ட வழி வேறு. அடுப்பினின்றும் விலகிய, காற்றோட்டமுள்ள தாழ்ந்த இடத்தில், நன்கு காய்ந்த உமியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்ப்பது. மழைக்காலத்தில் உமியை வாரந்தோறும் மாற்றவேண்டும். நனைந்த உமி, உமி இல்லாமையினும் கேடு. ஒவ்வொரு முட்டையின்மேலும் இட்ட தேதியைப் பென்சிலால் குறித்துப் பழையதை முதலில் எடுக்கவேண்டும். பென்சில் என்று நாம் வற்புறுத்துவது, பேனாவின் மை துளைவழி இறங்கக்கூடும் என்பதால்.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் முட்டையை மூழ்கவைத்து மாதக்கணக்கில் காக்கும் பழைய முறையொன்றும் உண்டு. சுண்ணாம்பு துளைகளை அடைத்துவிடும். போர்க்காலங்களில் இங்கிலாந்தில் இதற்கே சோடியம் சிலிக்கேட்டுக் கரைசலைப் பயன்படுத்தினர். கழுவாத, விரிசலில்லாத, அன்றன்று இட்ட முட்டை மட்டுமே இதற்கு ஆகும். நாலு கோழி வைத்திருப்போருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பது நம் கருத்து. நாட்டுக்கோழி ஆண்டுக்கு இடுவதே 60 முதல் 80 முட்டை. அதிலும் பத்துப் பன்னிரண்டு இட்டவுடன் அடைக்கு உட்கார்ந்துவிடும். மிஞ்சுவது எவ்வளவு?

மிஞ்சுவதை விற்கும் பெண்மணிகளும் உளர். பண்ணைக்கோழி ஆண்டுக்கு 300-க்கு மேல் இடுவது. நாமக்கல்லிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வருவது அம்முட்டையே. 1982-இல் டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று பண்ணையாளர்களை ஒன்றுசேர்த்து அமைத்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஒவ்வொரு நாளும் ஊர்தோறும் அதற்கு விலை அறிவிக்கிறது. நாட்டுமுட்டைக்கு அத்தகைய அறிவிப்பு ஏதுமில்லை. பக்கத்து வீட்டு மராத்திய மாவ்ஷி ‘காவ்ட்டி’ முட்டை என்று கேட்டு வாங்கும்போது, கொடுப்பவர் சொல்லே விலை. கணவர் கைக்குப் போகாமல் முந்தானையில் முடியும் அச்சிறுவாட்டுக் காசு, பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவோ மருந்துச் சீட்டாகவோ மாறுவதை நாம் அறிவோம். அக்காசு நிலைத்து வரவேண்டுமானால் விற்கும் முட்டை ஒவ்வொன்றும் நம்பத்தக்கதாக இருக்கவேண்டும். பென்சில் தேதி இங்கும் உதவும். சந்தையில் பண்ணை வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி நாட்டுமுட்டை என்று விற்போரும் இருக்கின்றனர். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

நாட்டுமுட்டை மருந்து, பண்ணைமுட்டை நஞ்சு என்னும் பேச்சை நாம் ஏற்பதில்லை. எடைக்கு எடை பார்த்தால் புரதத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. நாட்டுமுட்டை சிறிது, ஏறக்குறைய 40 கிராம். பண்ணைமுட்டை 55 கிராம். மஞ்சள்கருவின் ஆழ்ந்த நிறம் கோழி தின்ற கீரையின் நிறம். சுவையில் பாதி, அது புதியது என்பதால் வருவது.

இவ்விடத்தில் சற்று நின்று பேசவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோழி மண்ணைக் கிளறித் தின்னும் பறவை. அது கிளறும் மண்ணில் உள்ளது முட்டைக்குள் வரும். 2022-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வீட்டுத் தோட்டத்துக் கோழிகளின் முட்டைகளை ஆராய்ந்தபோது, அவற்றில் சராசரியாகக் கடைமுட்டையில் இருப்பதைப்போல் 40 மடங்கு ஈயம் இருக்கக் கண்டனர். பழைய வண்ணப்பூச்சும், பல்லாண்டு வாகனப்புகையும் படிந்த மண்ணே காரணம். தூய்மைக்குப் பேர்போன அந்நகரிலேயே இப்படியென்றால், பழைய மின்கம்பியும் மின்கலமும் உலோகத் தகரமும் பிரித்து உருக்கும் பட்டறைகளுக்கு நடுவே வாழும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டாமா? தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுப் பக்கத்துச் சந்துகளில் கோழியை அவிழ்த்துவிட்டு, அதன் முட்டையைக் கைக்குழந்தைக்கு மசித்துக் கொடுத்தல் அறிவுடைமையாகாது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது, முகர்ந்தோ சுவைத்தோ அறியமுடியாதது, கொதிக்கவைத்தாலும் போகாதது. கோழியை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவரவில்லை. தரையில் படாதவாறு பெட்டியிலோ கம்பிவலைக் கூட்டிலோ அடைத்து, அடியில் மரத்தூள் பரப்பி, குருணையையும் கம்பையும் கீரைத் தண்டையும் கிண்ணத்தில் இட்டு வளர்க்கலாம். கிளறும் ஆசைக்கு, நல்ல இடத்திலிருந்து வாங்கிய மண்ணைத் தொட்டியில் நிரப்பி உள்ளே வைக்கலாம். பஞ்சாரத்தைக் கவிழ்க்கும் இடத்திலும் இக்கவனம் வேண்டும்.

அடுத்தது பச்சைமுட்டை. பூப்பெய்திய பெண்ணுக்குக் காலையில் பச்சைமுட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதே ஓட்டில் நல்லெண்ணெயை அளந்து கொடுத்து, பின் உளுந்தங்களி ஊட்டுவது நம் குடும்பங்கள் பலவற்றில் வழிவழி வந்த வழக்கம். அதில் உள்ள அன்பை நாம் குறைகூறமாட்டோம். பெண்பிள்ளைக்கு நல்லுணவு தரவேண்டும் என்று வீடு முழுதும் நினைக்கும் நாட்கள் அவை. ஆயினும் சால்மோனெல்லாவுக்குப் பச்சைமுட்டை திறந்த வாசல். சத்திலும் அது பின்தங்கியதே. 1998-இல் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர் அளந்து பார்த்ததில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 விழுக்காடு செரித்தது. பச்சைமுட்டையிலோ 51 விழுக்காடே செரித்தது. பாதியை வீணாக்குவதற்காகவா ஆச்சி முட்டை சேர்த்து அனுப்பினார்? அதே முட்டையை அதே நல்லெண்ணெயில், வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை வேகவிட்டுக் கொடுத்தால் வழக்கமும் நிற்கும், பிள்ளைக்கும் நலம். பிள்ளைத்தாய்ச்சிக்கும், முதியோருக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் ஆப்பாயிலும் கலக்கியும் வேண்டாம். மற்றவர் தம் விருப்பம்போல் செய்க. எழுதுகின்ற நாமும் கலக்கிக்கு அடிமைதான்.

பறவைக் காய்ச்சலைப் பற்றி அச்சம் எழும்போதெல்லாம் முட்டையைத் தொடலாமா என்ற கேள்வி எழுகிறது. இந்தியாவில் அந்நோய் கோழிகளிடம் முதன்முதல் உறுதியானது 2006 பிப்ரவரியில், நம் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். 2021 ஜனவரியில் பர்பணி மாவட்டத்து முரும்பா கிராமத்தில் மீண்டும் தலைகாட்டியது. 70 டிகிரிக்கு மேல் உட்பகுதிவரை வெந்த முட்டையில் அக்கிருமி உயிரோடிராது. ஆனால் கூட்டில் கோழிகள் திடீரென மடிந்தால், அவற்றையும் அவை இட்ட முட்டையையும் வெறுங்கையால் தொடாமல் மாநகராட்சிக்கும் கால்நடைத் துறைக்கும் உடனே தெரிவிக்கவேண்டும். நட்டத்துக்கு அஞ்சி மறைத்தால் சந்து முழுவதற்கும் ஆபத்து.

கடைசியாக, தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் ஐயம்: “அன்று இட்ட முட்டையை அவித்தால் ஓடு உரிக்கவே வரமாட்டேன் என்கிறதே?” புதிய முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமிலவாயு நிறைந்திருக்கும். அந்நிலையில் வெள்ளை உட்தோலோடு ஒட்டிக்கொள்ளும். நாள் செல்ல வாயு துளைவழி வெளியேறி, ஒட்டுதல் தளரும். எனவே அவிப்பதற்கு ஒரு வாரம் பழகிய முட்டையையும், ஆம்லெட்டுக்கும் தோசைமேல் ஊற்றுவதற்கும் புதியதையும் எடுத்துக்கொள்க. அவசரமாயின், கொதிக்கும் நீரில் இட்டு அவித்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு உரிக்கலாம்.

உரித்த ஓட்டை எறியவேண்டாம். அதில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. முட்டையிடும் கோழிக்கு நாள்தோறும் வேண்டியதும் அதுவே. வெயிலில் காயவைத்து, இருப்புச்சட்டியில் சற்று வறுத்து, அடையாளம் தெரியாதவாறு நன்கு நொறுக்கித் தீவனத்தில் கலந்து வையுங்கள். முழு ஓடாகப் போட்டால் கோழி அதன் சுவை கண்டு, தன் முட்டையையே கொத்தத் தொடங்கிவிடும்.